புல்லுக்கு அடியில் ஒரு மேப்பிள் இலை: பூங்காவில் பழைய நாணயக் குற்றி தேடிய பதிவு

அக்டோபர் மாதம், சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. மண்ணுக்குள் இருக்கிற உலோகத்தைக் காட்டும் மெசினின் திரையில் இலக்கம் 26, பிறகு 25, மறுபடி 26. மேப்பிள் மரத்தின் வேர் ஒன்று நிலத்துக்கு மேலே முதுகு காட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், 14 சென்ரிமீற்றர் ஆழத்தில், குழியின் சுவரில் நகத்தின் விளிம்பு மாதிரி ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. மண்ணை விரலால் தள்ளினேன். பாய்மரக் கப்பல் ஒன்று வந்தது. கனடாவின் பத்துச் சதக் குற்றி. ஆண்டு 1947. தேடத் தொடங்கி 61 மணி நேரத்துக்குப் பிறகு கைக்கு வந்த முதல் வெள்ளி.

அந்த 61 மணி நேரத்தில் பெரும்பகுதி பிழையான இடத்தில், பிழையான வேகத்தில் போனது. அதைத்தான் வரிசையாக எழுதப் போகிறேன். ஒன்ராறியோவில் இருக்கிற யாராவது இந்த வேலையைத் தொடங்க நினைத்தால் ஒரு கோடைகாலமாவது மிஞ்சட்டும்.

ஏன் தொடங்கினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கற் பேணி ஒன்றில் பழைய இலங்கைக் காசு கொஞ்சம் இருக்கிறது. அதில் 1942ஆம் ஆண்டு ஒரு சதம். நடுவில் தாளிப்பனை, பக்கங்களில் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து, மறுபக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. சின்ன வயதில் அதைக் கையில் வைத்துக்கொண்டே நித்திரை கொண்டிருக்கிறேன். இந்த நாட்டிலும் அந்தக் காலத்துக் குற்றிகள் மண்ணுக்குள் கிடக்கும் என்று தெரிந்தபோது இருக்க முடியவில்லை.

முதலில் சாமான்கள். மெசின் மைன்லாப் ஈக்வினொக்ஸ் 600, ஒருவர் பாவித்தது, 560 டொலர். புதிதாக வாங்கியிருந்தால் இன்னும் கூட. நிலத்துக்கு மேலே வீசுகிற வட்டத் தட்டைக் கொயில் என்பார்கள், இதில் 11 அங்குலக் கொயில் கூடவே வரும். கீழே கிடக்கிற உலோகத்துக்கு ஏற்பத் திரையில் ஓர் இலக்கம் காட்டும். குழிக்குள் குற்றி எந்தப் பக்கம் என்று காட்டுகிற கைக்கருவி, கரட் கிழங்கு மாதிரிச் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும், கரெட் நிறுவனத்தின் புறோ பொயின்ரர், 185 டொலர். ஒரு பக்கம் வாள்பல் வைத்த தோண்டுகத்தி 75. முழங்காலுக்குப் போடும் பட்டி 25. இடுப்பில் கட்டும் இரண்டு அறைப் பை 30. பிறகு வாங்கிய 6 அங்குலக் கொயில் 210. மொத்தம் 1085 டொலர். இதில் கைக்கருவி இல்லாமல் ஒரு மாதம் சமாளிக்கப் பார்த்தேன். வேண்டாம். மண் நிறத்தில் இருக்கிற குற்றியை மண்ணுக்குள் கண்ணால் தேடி ஒவ்வொரு குழியிலும் பத்து நிமிடம் வீணாக்கினேன், குழியும் தேவைக்கு மேல் பெரிதானது. காசு குறைவு என்றால் மலிவான மெசின் வாங்கிக் கைக்கருவியை நல்லதாக வாங்குங்கள்.

இனிப் பிழைகள். முதலாவது, அனுமதி கேளாமல் போனது. பொதுப் பூங்காதானே, யாரும் போகலாம்தானே என்று நினைத்தேன். இரண்டாம் நாள் புல் வெட்டுகிற வேலையாள் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, இதற்கு அனுமதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து நகரசபைக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர ஐந்து கிழமை எடுத்தது. நிபந்தனைகள்: பூப்பாத்தி, விளையாட்டுத் திடல் இரண்டிலும் தொடக்கூடாது, குழி 15 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, கையால் மட்டுமே தோண்ட வேண்டும், தோண்டியதை அன்றைக்கே மூட வேண்டும், பெயரோ அடையாளமோ உள்ள பொருளையும் விலைமதிப்பான நகையையும் ஒப்படைக்க வேண்டும். அனுமதி அந்த வருடக் கடைசி நாள் வரைக்கும். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு விதி, ஆகவே உங்கள் ஊரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அந்தத் தாளைப் பையிலேயே வைத்திருங்கள். ஒன்ராறியோவின் மரபுரிமைச் சட்டப்படி தொல்லியல் இடம் எதையும் உரிமம் இல்லாமல் தொடக்கூடாது என்பதையும் மனதில் வைத்திருங்கள். ஆதிக்குடிகளின் கல்லாயுதம், பானையோடு மாதிரி ஏதும் தென்பட்டால் கையை எடுத்துவிட்டு அறிவிக்க வேண்டும். அது மெசினில் அகப்படாது, ஆனால் குழிக்குள் அகப்படலாம்.

இரண்டாவது பிழை, இடம். வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு பூங்கா. அதையே எடுத்துக்கொண்டேன். 27 மணி நேரம் அங்கே செலவழித்தேன். கிடைத்தது: லூனி எனும் ஒரு டொலர்க் குற்றி 9, ரூனி எனும் இரண்டு டொலர்க் குற்றி 2, ஒரு சதக் குற்றி ஒரு கும்பல், சோடா மூடி, பேணியின் இழுவளையம், சொக்கலேற் சுற்றிய அலுமினியத் தாள், ஒரு வீட்டுத் திறப்பு. 1979க்கு முந்திய குற்றி ஒன்றுகூட இல்லை. அதற்குக் காரணம் அந்தப் பூங்கா வாசலில் உள்ள பலகையிலேயே எழுதியிருந்தது, நான் வாசிக்கவில்லை. அந்தக் குடியிருப்பே 1980களில் கட்டியது. கட்டுகிறபோது பழைய மேல்மண்ணை வழித்தெடுத்து, வேறெங்கோ இருந்து மண் கொண்டுவந்து பரப்பிப் புல் விரித்திருக்கிறார்கள். பழைய காசு அந்த நிலத்தில் என்றைக்காவது இருந்திருந்தாலும் லொறியில் ஏறிப் போயிருக்கும்.

ஆனால் அந்த 27 மணி நேரம் ஒன்றைக் கற்றுத் தந்தது. கனடாக் காசு இந்த மெசினுக்கு விசித்திரமானது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த ஐந்து, பத்து, இருபத்தைந்து சதம் பெரும்பாலும் உருக்கின் மேல் பூச்சுப் பூசியவை. மெசின் அவற்றை இரும்பு என்று நினைக்கும், அல்லது இலக்கம் தவளை மாதிரித் துள்ளும். 1968க்குப் பிறகு 1999 வரைக்கும் பத்துச் சதமும் இருபத்தைந்து சதமும் தனி நிக்கல். அதுவும் காந்தத்தில் ஒட்டும், அதுவும் நல்ல இலக்கம் தராது. அமெரிக்காவில் தேடுகிறவர்களின் காணொளிகளைப் பார்த்து அவர்கள் சொன்ன இலக்கங்களைப் பாடமாக்கியிருந்தேன். இங்கே பாதிக்கு மேல் பொருந்தவில்லை. இதில் ஒரு நன்மை இருக்கிறது. நிலத்தில் கிடக்கிற புதுச் சில்லறை பெரும்பகுதி தாழ்ந்த இலக்கத்தில் ஒதுங்கிவிடுவதால், உயர்ந்த இலக்கத்தில் உறுதியாக நிற்கிற சத்தம் என்றால் அது செம்பு, வெள்ளி, அல்லது அலுமினியத் திருகுமூடி. மூன்றே மூன்று. அந்தத் திருகுமூடி எனக்குத் தந்த ஏமாற்றத்தை எழுதினால் தனிப் பதிவாகும்.

வெள்ளி எப்போது நின்றது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1919 வரைக்கும் கனடா வெள்ளிக் காசில் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 80 சதவீதம். 1967இல் நடுவழியில் 50 ஆகக் குறைத்தார்கள், 1968இல் நிக்கலுக்கு மாறினார்கள். ஆகவே 1967க்கு முன்பே ஆட்கள் நடந்து, இருந்து, பிள்ளைகள் உருண்டு விளையாடிய நிலம் வேண்டும். இதை யோசித்து முடிக்க எனக்கு 27 மணி நேரம் தேவைப்பட்டிருக்கக்கூடாது.

இரண்டாவது பூங்கா ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரை ஊர் ஒன்றில். நூறு வருடத்துக்கு மேலான பூங்கா. அந்த ஊருக்கும் தனிக் கடிதம், தனி அனுமதி, ஏறக்குறைய அதே நிபந்தனைகள். வந்த சந்தோசத்தில் மூன்று சனிக்கிழமை ஓடி ஓடித் தேடினேன். 22 மணி நேரம். வெள்ளி இல்லை. செம்புச் சதம் சில, 1950களுக்குரியவை. நிலம் சரியானது என்பதற்கு அவை சாட்சி. பிழை என்னிடம் இருந்தது.

நவம்பரில் நிலம் இறுகுவதற்கு முன்பு பின்வளவில் ஒரு பரீட்சைப் பாத்தி போட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். காசுக் கடையில் தேய்ந்த 1950களின் வெள்ளிப் பத்துச் சதம் இரண்டு, ஒன்று நாலு டொலர் வீதம் வாங்கினேன். ஒன்றை 10 சென்ரிமீற்றரிலும் மற்றதை 15இலும் புதைத்தேன். ஒரு செம்புச் சதம் 10இல். ஒரு இழுவளையம். கடைசியாக, 10 சென்ரிமீற்றரில் இருந்த வெள்ளிக்கு அருகே, ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி, ஒரு துருப்பிடித்த ஆணி. எல்லாவற்றுக்கும் மேலே ஐஸ்கிறீம் குச்சி நட்டு மகள் இலக்கம் எழுதினாள்.

பூங்காவில் வீசிய அதே வேகத்தில் வீசிப் பார்த்தேன். ஆணிக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளி வாயே திறக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான்தான் புதைத்தேன், அப்படியிருந்தும் மெசின் சொல்லவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு கீற்று மாதிரிச் சத்தம். நின்ற இடத்தை மாற்றி, ஆணி கிடந்த திசைக்குக் குறுக்கே வீசினேன். தெளிவாக 25 என்று பாடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நான் ஏரிக்கரைப் பூங்காவில் எத்தனை வெள்ளியின் மேலால் நடந்து போயிருப்பேன் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. உண்மையிலேயே வயிறு எரிந்தது.

மணிக்கூட்டை வைத்து அளந்தேன். முன்பு இடமிருந்து வலம் ஒரு வீச்சு ஒரு விநாடிக்கும் குறைவு. இப்போது இரண்டு விநாடி. ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். அப்படிப் போனால் ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் சதுரம் ஒன்றை வடக்குத்தெற்காக ஒரு தடவை, கிழக்குமேற்காக ஒரு தடவை முடிக்க, தோண்டுகிற நேரத்தைச் சேர்க்காமல் 40 நிமிடம் எடுக்கும். முன்பு அந்த நேரத்தில் பூங்காவின் ஒரு பக்கம் முழுவதையும் நடந்து முடித்துவிடுவேன்.

மெசினின் அமைப்பிலும் இரண்டு மாற்றம். மெசினில் உள்ள ‘பூங்கா 1’ என்ற முறையில்தான் இருந்தேன், அதை மாற்றவில்லை. உணர்திறனை 22இல் வைத்துக்கொண்டு மின்கம்பிக்குக் கீழே அது கத்துவதைச் சகித்துக்கொண்டிருந்தேன், 18க்கு இறக்கினேன். ஆழம் கொஞ்சம் போகும், ஆனால் சத்தம் சுத்தமாகும். அடுத்தது, குப்பை இலக்கங்களை முழுதாக வாய்கட்டி வைத்திருந்தேன். இரும்பை மட்டும் கட்டிவிட்டு மற்றவற்றைத் திறந்துவிட்டேன். அந்த மாற்றத்தின் பலன் கடைசியில் வரும்.

குளிர்காலம் நாலு மாதம் நிலம் கல். அந்த நேரத்தில் செய்த வேலைதான் இந்த முழு முயற்சியில் ஆகப் பயன்பட்டது, ஒரு சதமும் செலவில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழக நூலகம் தென் ஒன்ராறியோவின் 1954ஆம் ஆண்டு வான்படங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. (ரொறன்ரோ நகருக்குள் தேடுகிறவர்களுக்கு நகர ஆவணக்காப்பகத்திலும் 1947 முதல் வான்படங்கள் உண்டு.) எங்கள் ஏரிக்கரைப் பூங்காவின் படத்தை எடுத்து, இன்றைய செய்மதிப் படத்தின் மேலே வைத்துப் பார்த்தேன். ஏரிக்கரை வரம்பும் தேவாலயத்தின் கூரையும் ஒன்றோடொன்று பொருந்தும் வரைக்கும் இழுத்துச் சுருக்கி நீட்டி, இரண்டு இரவு போனது.

பொருந்தியதும் தெரிந்தது. இன்றைக்குப் பூங்காவைச் சுற்றி வளைகிற தார்ப்பாதை 1954இல் இல்லை. அன்றைக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரு மூலையிலிருந்து ஏரிக்கரைக்குக் குறுக்காக ஓடுகிறது. ஆட்கள் நடந்து நடந்து வந்த பாதை. அதன் இரு பக்கமும் மரங்கள். நடுவில் ஒரு வட்டமான புள்ளி, நிழலைப் பார்த்தால் கூரை போட்ட ஒரு மேடை. இன்றைக்கு அந்த இடம் வெறும் புற்தரை. நான் முந்தின வருடம் 22 மணி நேரமும் புதுப் பாதையின் ஓரத்தில்தான் தேடியிருக்கிறேன்.

படத்திலிருந்து தூரத்தை அளந்து, இன்றைக்கும் நிற்கிற மூன்று பழைய மேப்பிள் மரங்களை அடையாளமாக வைத்து, பழைய பாதையின் மேல் பன்னிரண்டு சதுரங்களைத் தாளில் வரைந்தேன். ஒவ்வொன்றும் ஐந்து மீற்றர். பூங்காவில் கயிறு கட்டினால் நடக்கிறவர்கள் தடக்கி விழுவார்கள், ஆகவே கொல்ஃப் விளையாட்டில் பந்து வைக்கிற பிளாஸ்ரிக் ஆணிகளை மூலைகளில் குத்தினேன். போகிறபோது எண்ணிப் பிடுங்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் தொடங்கினேன். மே மாதமும் நல்ல மாதம், மண் ஈரம், புல் வளர்கிற அவசரத்தில் இருக்கும், வெட்டின காயம் தெரியாது. முதல் ஏழு மணி நேரத்தில் மூன்று சதுரம் முடித்தேன். செம்புச் சதம் பதினொன்று, அதில் ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்டவை நாலு. வயது சரி, வெள்ளிதான் இன்னும் இல்லை. ஜூலை, ஓகஸ்டில் தோண்டியது அடுத்த பிழை. காய்ந்த மண்ணில் வெட்டிய புல் திரும்பி வேர் பிடிக்காது. ஒரே நாளில் வெட்டிய எட்டுக் குழியும் இரண்டு கிழமையில் மண்ணிறப் பொட்டுக்களாக நின்றன. தூரத்திலிருந்தே தெரிந்தது. எனக்கு நெஞ்சு கனத்துப் போனது, ஏனென்றால் அந்தத் தரை ஊர்ப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற தரை, என்னை நம்பி விட்ட தரை. நான்கு நாள் பின்னேரம் போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தேன், ஐந்து தப்பியது. மூன்றுக்குப் புல்விதை வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு செப்டெம்பர் கடைசி வரைக்கும் மெசினைத் தொடவில்லை.

குழி வெட்டுகிற முறையை இதற்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். கைக்கருவியால் மேலே வைத்து முதலில் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துச் சென்ரிமீற்றர் அகலத்துக்கு மூன்று பக்கம் மட்டும் நேராகக் கீழே வெட்ட வேண்டும், நாலாவது பக்கத்தை வெட்டாமல் விட வேண்டும். அது கதவுக்குப் பிணைச்சல் மாதிரி. வேர் அந்தப் பக்கத்தால் உயிரோடு இருக்கும். புற்கட்டி எட்டுச் சென்ரிமீற்றராவது தடிப்பாக வர வேண்டும், மெல்லிசாக உரித்தால் செத்துவிடும். புற்கட்டியைத் திறந்து மடித்து, முதலில் அந்தக் கட்டிக்குள்ளேயே கைக்கருவியை ஓட்டிப் பாருங்கள், பாதி வேளை குற்றி அதில்தான் ஒட்டியிருக்கும். தளர்ந்த மண் முழுவதும் பக்கத்தில் விரித்த பழைய துவாயில் போக வேண்டும், புல்லில் ஒரு பிடிகூடச் சிந்தக்கூடாது. முடிந்ததும் துவாயைத் தூக்கி மண்ணைத் திரும்பக் கொட்டி, கட்டியை மூடி, சப்பாத்தால் நன்றாக மிதித்து, அரை லீற்றர் தண்ணீர். இப்படிச் செய்த குழிகளில் நாற்பதை இரண்டு கிழமை கழித்துப் போய்த் தேடினேன். முப்பத்தேழை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபரில் நாலாவது சதுரம். இங்கேதான் அந்த 26. இந்த முறை நடக்கத் தொடங்கி 12 மணி நேரம் ஆகியிருந்தது.

பாய்மரக் கப்பலைப் பார்த்தவுடன் கட்டைவிரலால் துடைத்தேன். துடைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், பத்து இடத்தில் வாசித்திருக்கிறேன். கை கேட்கவில்லை. மணல் துகள் ஒன்று மன்னரின் கன்னத்தில் மூன்று மெல்லிய கோடு போட்டுவிட்டது. எழுபது வருடத்துக்கு மேலாக மண் செய்யாத சேதத்தை நான் ஒரு விநாடியில் செய்தேன். வெள்ளியை மண்ணோடு அப்படியே சின்னப் பிளாஸ்ரிக் டப்பியில் போட்டு, வீட்டில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் பிடித்தால் போதும். தானாகவே விட்டுவிடும்.

அன்றைக்குத்தான் ஒரு ஐயா வந்தார். அந்தப் பூங்காவில் தினமும் நடப்பவர் போல, கம்பளித் தொப்பி, கையில் தடி. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, என்ன துலைச்சுப் போட்டீர்?”

“நான் துலைக்கேல்லை ஐயா. ஆரோ முந்தித் துலைச்சதைத் தேடுறன்.”

குற்றியைக் கையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கனநேரம் பார்த்தார். “இதில இந்தியா எண்டு என்னவோ கிடக்குது” என்றார்.

நான் அதுவரைக்கும் எழுத்தை வாசிக்கவில்லை. மன்னரின் தலையைச் சுற்றி இலத்தீனில் ஜோர்ஜியஸ் ஆறு, கடவுளின் அருளால் மன்னர், கடைசியில் “எற் இந்த் இம்ப்”, அதாவது இந்தியாவின் பேரரசரும் என்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது 1947 என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. கடுகை விடச் சின்னதாக ஒரு மேப்பிள் இலை.

அந்த இலையின் கதை இது. 1947இல் இந்தியா சுதந்திரம் பெற்றதும் மன்னரின் பட்டத்திலிருந்து அந்தச் சொற்களை எடுக்க வேண்டி வந்தது. புது எழுத்துப் போட்ட அச்சுகள் 1948இல் உடனே கைக்கு வந்து சேரவில்லை. நாட்டில் காசுக்குத் தட்டுப்பாடு. ஒட்டாவாவில் உள்ள நாணயசாலை பழைய 1947 அச்சையே வைத்துக்கொண்டு, இது பிந்தி அடித்தது என்று தெரிவதற்காக ஆண்டுக்குப் பக்கத்தில் சின்ன இலையைப் போட்டு 1948இல் அடித்தது. ஆகவே என் கையில் இருந்தது 1947 என்று எழுதிய 1948ஆம் ஆண்டுக் காசு. இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகு, இந்தியாவின் பேரரசர் என்று அடித்த காசு. நிறை பார்த்தேன், 2.28 கிராம். புதிதாக இருந்தபோது 2.33. தேய்வு 0.05 கிராம், அவ்வளவுதான் கை மாறியிருக்கிறது.

அப்பாவின் பேணியைத் திறந்து 1942ஆம் ஆண்டுச் சதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதே தலை. அதிலும் ஆங்கிலத்தில் மன்னரும் இந்தியாவின் பேரரசரும் என்றுதான் இருக்கிறது. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைக்கு அனுப்புகிறபோது ஆச்சி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை. சதுரம் ஐந்து முதல் பத்து வரைக்கும். மேடை நின்ற இடத்தைச் சுற்றிக் குப்பை அடர்த்தி, 11 அங்குலக் கொயிலில் ஒரே நேரத்தில் மூன்று பொருள் பேசும். அங்கே 6 அங்குலக் கொயிலைப் போட்டேன். ஆழம் குறையும், ஆனால் ஆணிகளுக்கு நடுவில் நுழைந்து பார்க்கும். 210 டொலர் அதிகம் என்று நினைத்திருந்தேன், மேடைச் சதுரம் இரண்டிலிருந்து மட்டும் ஐந்து வெள்ளி வந்தது. அந்தச் சதுரங்களை முன்பே பெரிய கொயிலால் ஒரு தடவை முடித்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழுக் கணக்கு, முதல் குற்றியையும் சேர்த்து: வெள்ளிப் பத்துச் சதம் எட்டு, இருபத்தைந்து சதம் இரண்டு, ஐந்து சதம் ஒன்று. பத்துச் சதத்தில் ஒன்று 1967, நாட்டின் நூற்றாண்டுக்கு அடித்தது, கப்பலுக்குப் பதிலாகக் கானாங்கெளுத்தி மீன் இருக்கும். மகளுக்குப் பிடித்தது அதுதான்.

எனக்குப் பிடித்தது அந்த ஐந்து சதம். 1912. சேகரிக்கிறவர்கள் இதை மீன்செதிள் என்பார்கள், காரணம் தூக்கினால் தெரியும். 1.17 கிராம்தான், விட்டம் 15.5 மில்லிமீற்றர். கனடாவின் வெள்ளி ஐந்து சதம் 1921உடன் முடிந்துவிட்டது. மெசினில் இது 17 காட்டியது, பேணி வளையத்துக்குச் சற்று மேலே. முந்தின வருடம் குப்பை இலக்கம் என்று வாய்கட்டி வைத்திருந்தேனே, அந்தப் பகுதிக்குள். கட்டியே வைத்திருந்தால் காலம் முழுக்க அதன் மேல் நடந்திருப்பேன். இந்த ஒரு செதிளுக்காக நான் கிளறிய வளையங்கள் 64, எண்ணி வைத்திருக்கிறேன். அந்த 64உம் இப்போது பூங்காவில் இல்லை, அதுவும் நல்லதுதான்.

ஒரு தோல்வியையும் எழுதியாக வேண்டும். 1916ஆம் ஆண்டுப் பெரிய செம்புச் சதம் ஒன்று கிடைத்தது. இப்போதைய இருபத்தைந்து சதத்தை விடச் சற்றுப் பெரியது, பச்சை கலந்த கபில நிறத்தில், மேப்பிள் இலைச் சுற்று முழுதாகத் தெரிந்தது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்தேன். பச்சை போனது, அதோடு மேல்தோலும் போனது. இப்போது அது இளஞ்சிவப்பாக, கண்ணுக்கு வலிக்கிற மாதிரி இருக்கிறது. நூறு வருடம் எடுத்துச் செம்பு தனக்குப் போட்டுக்கொண்ட உடுப்பை நான் உரித்துவிட்டேன், இனித் திரும்பாது. வெள்ளிக்குப் பொறுக்கிறதைச் செம்பு பொறுக்காது. செம்பு வந்தால் தண்ணீர்கூட வேண்டாம், காயவிட்டு, பல்லுக்குத்தும் குச்சியால் மண்ணை மெதுவாகத் தட்டிவிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். அந்தச் சதத்தை நான் மேசையில் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

பணமாகப் பார்த்தால், செல்லுபடியாகும் சில்லறை 43 டொலர் 65 சதம். வெள்ளியை விற்கப் போவதில்லை. 1085 டொலருக்கு முன்னால் இது ஒன்றுமில்லை, யாரும் இலாபத்துக்கு இதைத் தொடங்க வேண்டாம். திறப்பு மூன்றும், பெயர் பொறித்த ஒரு கைச்சங்கிலியும் நகரசபையில் ஒப்படைத்தேன். கைச்சங்கிலிக்குச் சொந்தக்காரர் வந்து எடுத்துவிட்டார் என்று இரண்டு கிழமையில் சொன்னார்கள்.

திரும்பத் தொடங்குவதானால் வான்படத்தை முதல் நாள் பார்ப்பேன், மெசின் வாங்குவதற்கும் முன்னால். பரீட்சைப் பாத்தி இரண்டாம் நாள். 11 அங்குலத்தோடு 6 அங்குலக் கொயிலையும் சேர்த்தே வாங்குவேன். ஜூலையிலும் ஓகஸ்டிலும் வீட்டில் இருப்பேன். டப்பி இல்லாமல் பூங்காவுக்குப் போகமாட்டேன், கட்டைவிரலுக்கு வேலை கொடுக்கமாட்டேன். ஒவ்வொரு கண்டெடுப்புக்கும் சதுர இலக்கம், ஆழம், திரை இலக்கம் மூன்றையும் அங்கேயே எழுதுவேன். முதல் வருடத்துக்குரியது என்னிடம் இல்லை, அதனால் அந்த 27 மணி நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

பன்னிரண்டு சதுரத்தில் இரண்டு மிச்சம். பதினொன்று முழுக்க மேப்பிள் வேர், அதில் வெட்டினால் மரத்துக்குக் காயம், ஆகவே கைக்கருவியால் மேலோட்டமாக மட்டும் பார்ப்பேன். பன்னிரண்டு ஏரிக்கரைப் பக்கம், பழைய பாதை முடிகிற இடம். படத்தில் அங்கே இரண்டு சின்ன நிழல் தெரிகிறது, வாங்குகள் என்று நினைக்கிறேன். வாங்கில் இருக்கிறவர்களின் பொக்கற்றிலிருந்துதான் காசு விழும். அனுமதியைப் புதுப்பிக்கிற கடிதத்தை நேற்று அனுப்பினேன்.